மங்கிய நட்சத்திரமும் மறக்காத பதிவேடும்

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போகவிருந்தது. ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தின் ஒளியைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தது. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் சட்டென்று குறைந்து, பிறகு பழையபடி ஆனது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தப் பதிவை ஆராய்ந்து, யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே நிகழ்வை அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட்டின் குழு, கோளுக்கு இரண்டு பக்கமும் ஒளி பல முறை மங்கியதைக் கண்டது. துணைக்கோள் அப்படிச் செய்யாது. கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தால்தான் அது நடக்கும். காவலூர்ப் பதிவும் மறுபடி வெளியே எடுக்கப்பட்டது. அதே 1977 முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் சேர்ந்து, யுரேனஸைச் சுற்றிச் சனிக்கு இருப்பதுபோல ஒரு வளைய அமைப்பு இருப்பதாக 'நேச்சர்' இதழிலேயே எழுதினார்கள்.

தொலைநோக்கி அளந்தது மாறவில்லை, அதற்கு மனிதர்கள் கொடுத்த விளக்கம் சில மாதங்களில் மாறியது. இந்தச் சம்பவத்தை வானியல் வரலாறாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. தரவுத்தளம் என்ற மென்பொருளுக்கு வைக்கக்கூடிய மிகக் கடினமான தேர்வு இதில் இருக்கிறது. மார்ச் 10-ஆம் தேதியின் அளவீடு ஒரு வரி. "துணைக்கோள்" என்ற விளக்கம் அதன்மேல் ஒட்டிய குறிப்பு. குறிப்பைத் திருத்தும்போது பழையது என்ன ஆக வேண்டும்? அழிக்கப்பட்டால், 1977-இன் நடுவில் காவலூர் என்ன நினைத்தது என்பதே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். வைத்திருக்க வேண்டுமானால் யார் வைப்பது: தரவுத்தளமே வைக்குமா, அதைப் பயன்படுத்துகிறவர் தனியாக எழுதிக்கொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் நான்கு பெரிய திறமூலத் தரவுத்தளங்களைப் பார்க்கலாம்: போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட். இவற்றின் வேகத்தை ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு வேகத்தில் அக்கறை குறைவு. ஓர் ஆய்வகம் இரவுக்கு ஆயிரம் படம் எடுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க வானம் திறந்தே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம் (பருவமழை மாதங்களில் மலையில் அது நடக்காது). அப்படியும் 50 ஆண்டுகளில் சேர்வது சுமார் 1.8 கோடி வரிகள். படங்கள் தனிக் கோப்புகளாக இருக்கும். தரவுத்தளத்தில் இருப்பது எந்தத் திசை, எந்த நேரம், எந்த வடிகட்டி, எத்தனை விநாடி ஒளி வாங்கியது, யார் பார்த்தார் என்ற பட்டியல்தான். 1.8 கோடி வரிகளை இந்த நான்கில் எதுவும் இன்றைய சாதாரண மடிக்கணினியிலேயே சிரமமில்லாமல் தாங்கும். ஆகவே கேட்க வேண்டியது வேறு. இந்த மென்பொருள் அடுத்த 30 ஆண்டுகளில் எந்தப் பக்கம் போகும்? அதை முடிவு செய்கிறவர் யார்?

காவலூரே இப்படி நீண்ட கணக்கில் சிந்தித்த இடம். தென்னிந்தியாவில் நல்ல வானம் தேடிய வைணு பாப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலைக்காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1960-களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் கருவி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அர்ப்பணிக்கப்பட்டபோது அதைக் கனவு கண்டவர் உயிரோடு இல்லை. அவர் 1982-இல் காலமாகிவிட்டார். அந்தக் கருவிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோள் 4130 ராமானுஜன் ஆனது. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர்களைத் தேடினால் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகக் கட்டடம் வரை போகலாம். அங்கே டி.ஜி. டெய்லர் 1844-இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள் இருந்தன. அதுவும் ஒரு தரவுத்தளம்தான்; அச்சில் இருந்தது, அவ்வளவே. 1844-இன் பட்டியலை இன்றும் படிக்க முடிகிறது. 1994-இல் ஒரு நெகிழ்வட்டில் எழுதிய பட்டியலை இன்று படிக்கச் சொன்னால் பெரும்பாலானோர் திண்டாடுவார்கள்.

பழைய விளக்கத்தை அழிக்காமல் வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு மிக அழகான விடை ஒருகாலத்தில் இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் சேமிப்பு முறை ஒரே ஒரு கொள்கையில் நின்றது: எதன்மேலும் எழுதாதே. ஒரு வரியைத் திருத்தினால் புதிய வரி ஒன்று சேரும், பழையது தன் காலக்குறியோடு அப்படியே கிடக்கும். "மே மாதம் இந்த அட்டவணை எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் வரும். இதைக் காலப்பயணம் என்றே அழைத்தார்கள். காவலூர்ப் பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் வட்டுகள் விலை உயர்ந்திருந்த காலம் அது. பழைய வரிகள் குவியக் குவிய வேகமும் இடமும் அடிபட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே வந்து, தன்னார்வலர்களின் கைக்கு மாறி, 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் பெற்ற அந்த மென்பொருள், 6.2 பதிப்பில் காலப்பயணத்தை நீக்கிவிட்டது. அதன் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. இன்றும் போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழிவதில்லை. அதே அட்டவணையில் கிடக்கிறது. அந்த நொடியில் வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பழைய வரிதான் தெரியும், அவர் வேலை கெடாது. யாருக்கும் தேவையில்லை என்றானதும் 'வாக்கம்' என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை மீட்டுக்கொள்கிறது.

மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்னோடிபி சேமிப்பு எந்திரம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கவனமான ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டில் சரியான தொகையை எழுதிவிட்டு, தவறிய தொகையைத் தனிச்சீட்டில் குறித்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவைப்பதுபோல, வரியை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு, பழைய மதிப்பைத் திரும்பெடுப்புப் பதிவு என்ற தனி இடத்துக்கு நகர்த்துகிறது. அட்டவணை உப்பிப்போகாது. பழைய நிலையைப் பார்க்க வேண்டியவர் மட்டும் அந்தச் சீட்டுகளைத் தேடிப் போக வேண்டும். அடிக்கடி திருத்தம் நடக்கும் கடைக்கணக்கு போன்ற வேலைக்கு இது நல்லது. ஒரு முறை எழுதி, எப்போதாவது மட்டும் திருத்தும் வானாய்வகப் பதிவேட்டுக்கு இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

போஸ்ட்கிரெஸின் இந்த முறையால் வரும் உப்பலைக் குறைக்க இந்தியாவிலிருந்தே ஒரு பெரிய பங்களிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த பவன் தேவலசே எழுதிய 'ஹாட்' என்ற நுட்பம் 2008-இல் 8.3 பதிப்பில் சேர்ந்தது. அகரவரிசையில் (தேடலை விரைவாக்கும் 'இண்டெக்ஸ்' பட்டியலில்) இல்லாத ஒரு பத்தியை மட்டும் திருத்தினால், அகரவரிசைகளைத் தொடாமல் அதே பக்கத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். உலகத்தில் போஸ்ட்கிரெஸ் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் இன்று அந்த நிரல் ஓடுகிறது. அதைவிடத் துணிச்சலான முயற்சியும் இந்திய நிரலாளர்களின் பங்கோடு நடந்தது. இன்னோடிபி பாணியில் பழையதைத் தனியே நகர்த்தும் 'ஸீஹீப்' என்ற சேமிப்பு எந்திரத்தை என்டர்பிரைஸ்டிபி நிறுவனம் 2018-இல் அறிவித்தது. அது இன்றுவரை மையத் தொகுப்பில் சேரவில்லை. இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. ஒரு நிறுவனம் விரும்பியது என்பதற்காக மட்டும் எதுவும் உள்ளே போய்விடாது என்பதற்கு இது சான்று.

இனி மரியாடிபி. போஸ்ட்கிரெஸ் கைவிட்ட காலப்பயணத்தை இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு அது கையில் எடுத்தது. எஸ்கியூஎல் மொழியின் 2011 தரநிலையில் காலத்தோடு இயங்கும் அட்டவணைகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. 2018-இல் வந்த மரியாடிபி 10.3 அவற்றில் முக்கியமானதைச் செயல்படுத்தியது: அட்டவணையை உருவாக்கும்போது "வரலாற்றோடு" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், ஒவ்வொரு திருத்தமும் நீக்கமும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்ற இரண்டு குறிகளோடு தங்கிவிடும். "1977 ஜூலை 1-ஆம் தேதி நிலவரப்படி" என்று கேட்டால் "துணைக்கோள்" என்றும், "இன்றைய நிலவரப்படி" என்று கேட்டால் "வளையங்கள்" என்றும் ஒரே அட்டவணை பதில் சொல்லும். வேறு நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. நான்கு தரவுத்தளங்களில் இதைத் தன் உடம்பிலேயே வைத்திருப்பது மரியாடிபி மட்டும்தான்.

இதிலும் ஒரு பள்ளம் இருந்தது, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரவுத்தளத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் வழக்கமான கருவி, அட்டவணையின் இன்றைய நிலையை மட்டும் எழுதி வைத்தது, வரலாற்றை விட்டுவிட்டது. வேறு கணினிக்கு மாற்றியவர் "எல்லாம் வந்துவிட்டது" என்று நிம்மதியாக இருந்திருப்பார், பழைய விளக்கங்கள் எல்லாம் போயிருக்கும். 2023-இல் வந்த 10.11 பதிப்பில்தான் வரலாற்றையும் சேர்த்து எடுக்கும் வசதி வந்தது. ஒரு வசதி வளர்ச்சித் திட்டத்தில் "முடிந்தது" என்று குறிக்கப்படுவதற்கும், காப்பு, மாற்றம், மீட்பு எல்லாவற்றிலும் அது முழுமையாவதற்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அறிவிப்பை நம்பி ஒரு நூற்றாண்டுப் பதிவேட்டை ஒப்படைக்கிறவர் இந்த இடைவெளியைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

வானாய்வகத்துக்கு இன்னொரு காலக் கேள்வியும் உண்டு, அது இன்னும் அன்றாடமானது. தொலைநோக்கியின் நேரம் மிக அரிய பொருள். ஒரு குழுவுக்கு இரவு 8 முதல் 11 வரை ஒதுக்கிய கருவியை இன்னொரு குழுவுக்கு 10 முதல் 1 வரை ஒதுக்கிவிடக் கூடாது. "ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது" என்ற விதியை எல்லாத் தரவுத்தளங்களும் காக்கும். "இரண்டு காலப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது" என்பது வேறு வகை விதி. போஸ்ட்கிரெஸில் 2010-இன் 9.0 பதிப்பில் விலக்குக் கட்டுப்பாடும் 2012-இன் 9.2 பதிப்பில் 'எல்லை' என்ற தரவு வகையும் வந்தன. ஜெஃப் டேவிஸின் கைவண்ணம் இரண்டும். இவை சேர்ந்ததும் அந்த விதியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுத முடிந்தது. எழுதிவிட்டால், நேரம் ஒதுக்கும் மென்பொருளில் பிழை இருந்தாலும், ஒரே நொடியில் இருவர் விண்ணப்பித்தாலும், இரண்டாவது பதிவு உள்ளே நுழையவே முடியாது.

இதையே தரநிலை சொல்லும் எளிய சொற்களில் எழுதும் வசதியை மரியாடிபி 2020-இன் 10.5 பதிப்பில் கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் 17-க்கும் அது தயாராக இருந்தது. மையத் தொகுப்பிலும் சேர்ந்துவிட்டது. 2024 மே மாதம், வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருக்கும்போது ஒரு குறை தெரிந்தது. போஸ்ட்கிரெஸில் 'வெறும் எல்லை' என்று ஒன்று உண்டு: எந்த நேரத்தையும் உள்ளடக்காத காலப்பகுதி. அது எதன்மேலும் படியாது. ஆகவே அதே முதன்மைச் சாவியோடு எத்தனை வெறும் எல்லைகளை வேண்டுமானாலும் செருகலாம். தனித்தன்மை என்ற வாக்குறுதி உடைந்துபோகிறது. அன்றாடத்தில் யாரும் அப்படிச் செருகப் போவதில்லை என்று சமாதானம் சொல்லி வெளியிட்டிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் நிரலாளர்கள் முழுதையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சரி செய்து, 2025 செப்டம்பர் 25-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் கொடுத்தார்கள். ஓராண்டு தாமதம். ஒரு தரவுத்தளத்தின் வளர்ச்சித் திட்டத்தில் நான் தேடுவது இந்தக் குணத்தைத்தான்.

மைஎஸ்கியூஎல்லில் இந்த இரண்டு காலவசதிகளும் இல்லை. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தானாக ஓடும் தூண்டல் நிரல்களை எழுதி நாமே செய்துகொள்ள வேண்டும். எஸ்கியூலைட்டிலும் அப்படித்தான், ஆனால் அது இத்தகைய பெரிய வேலைகளுக்கு வரவேயில்லை, அதன் கதை வேறு.

வானத்தின் திசைக்கு வருவோம். ஒரு நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: பூமியின் தீர்க்கரேகை, அட்சரேகை போல. "இந்த இடத்தைச் சுற்றி அரை பாகைக்குள் நாம் இதுவரை எடுத்த படங்கள் எவை?" என்பதே வானியலாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. சாதாரண அகரவரிசை இங்கே தடுமாறும். 359.99 பாகையில் ஒரு நட்சத்திரம், 0.01 பாகையில் இன்னொன்று என்றால் வானத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பட்டியலில் ஒன்று தலையிலும் மற்றொன்று வாலிலும் கிடக்கும். துருவத்தை நெருங்கினால் தீர்க்கக் கோடுகள் எல்லாம் ஒன்றுகூடிவிடுவதால் குழப்பம் இன்னும் அதிகம்.

இதற்கு வந்த தீர்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது 'கியூ3சி'. செர்கே கோபொசோவும் ஒலெக் பார்த்துனோவும் 2006-இல் வெளியிட்டது. வானக் கோளத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் விழச் செய்கிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் நான்காக, அதில் ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக, இப்படி மிகச் சிறிய கட்டங்கள் வரை பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு எண். அருகருகே இருக்கும் கட்டங்களின் எண்கள் பெரும்பாலும் ஒரே தொடக்கத்தைக் கொண்டிருக்கும். இரண்டு எண்களால் சொல்லப்பட்ட திசை இப்போது ஒரே எண்ணாகிவிட்டது. அதற்குப் பழைய பி-மர அகரவரிசையே போதும். பி-மரத்தின் வலிமை வியப்பானது: ஒவ்வொரு கணுவும் 200 கிளை விட்டால் நான்கே தாவல்களில் 160 கோடி வரிகளில் ஒன்றை எட்டலாம். ஐரோப்பாவின் காயா விண்கலம் 2022-இல் வெளியிட்ட மூன்றாம் பட்டியலில் இருக்கும் சுமார் 180 கோடி ஒளிப்புள்ளிகளைத் தேடக்கூட அதற்கு மேல் ஒரு தாவல் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

பார்த்துனோவ் மாஸ்கோவின் ஸ்டெர்ன்பெர்க் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தன் தேவைக்காகப் போஸ்ட்கிரெஸுக்குள் நுழைந்தவர், தியோதோர் சிகாயேவோடு சேர்ந்து அதன் முழு உரைத் தேடலையும் கட்டினார். 2008-இல் அது மைய மென்பொருளின் பகுதியானது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் அந்தத் தேடலுக்குப் புதிதாகக் கிடைத்த மொழிகளில் தமிழும் ஒன்று. காவலூரில், காவலூருக்கு, காவலூரிலிருந்து என்று வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு, உருபைக் களைந்து அடிச்சொல்லைத் தேடும் வசதி எவ்வளவு தேவை என்பதைத் தமிழில் தேடிச் சலித்தவர்கள் அறிவார்கள். இரண்டு கதவுகளும் திறந்திருந்ததால் இது நடந்தது: போஸ்ட்கிரெஸில் யாரும் புதிய தரவு வகையையும் புதிய அகரவரிசை முறையையும் வெளியிலிருந்து செருகலாம்; மையத்துக்குள்ளும் நிரல் கொடுக்கலாம்.

சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் வானாய்வகம் வேறு அளவில் இயங்குகிறது. இரவுக்குச் சுமார் 20 டெராபைட் தரவும், மாற்றம் கண்ட பொருள்களைப் பற்றி ஒரு கோடி எச்சரிக்கைகள் வரையும் அதன் திட்டம். அதன் பெரிய அட்டவணைகளுக்காக எழுதப்பட்ட 'கியூசெர்வ்' வானத்தைத் துண்டுகளாக வெட்டிப் பல கணினிகளில் பரப்புகிறது. ஒவ்வொரு கணினியிலும் உள்ளே இருப்பது மரியாடிபி. இந்த அளவில் வேகம் கேள்வியாகிறது. அங்கும் திறமூலத்தைத்தான் எடுத்தார்கள், உள்ளே கை வைக்க முடியும் என்பதால்.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்?

போஸ்ட்கிரெஸுக்குக் கட்டாயமான திட்டம் கிடையாது. யார் எதை எழுத முன்வருகிறாரோ, அதை மற்றவர்கள் சோதித்து ஏற்கிறார்களோ, அதுவே அடுத்த பதிப்பு. ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் வந்த நிரல்களை உட்கார்ந்து ஆராய்கிறார்கள். ஏப்ரலில் கதவு மூடும். இலையுதிர் காலத்தில் புதிய பதிப்பு வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டு பராமரிப்பு. எந்த வசதி வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள், எப்போது வரும் என்பதை ஏறக்குறையத் தவறாமல் காப்பாற்றுவார்கள். மையக் குழுவில் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. 2020-இல் என்டர்பிரைஸ்டிபி இன்னொரு போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை வாங்கியபோது ஐவர் குழுவில் மூவர் அதன் ஆட்களானார்கள். வேறு நிறுவனங்களிலிருந்து இருவரைச் சேர்த்துக் குழுவை எழுவராக்கினார்கள். இந்தப் பொறுமைக்கு ஒரு விலையும் உண்டு. பரிமாற்ற எண்கள் 32 பிட்டில் இருப்பதால் சுமார் 200 கோடி பரிமாற்றங்களுக்குள் துப்புரவு நடந்தே ஆக வேண்டும் என்ற பழைய தொல்லையை, 64 பிட்டுக்கு மாற்றித் தீர்க்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். இன்னும் முடியவில்லை.

மைஎஸ்கியூஎல்லின் கதை நேர் எதிர். 1995-இல் சுவீடனில் ஒரு நிறுவனத்தின் பொருளாகப் பிறந்தது. 2008-இல் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் வைடேனியஸ் கிளை பிரித்துக்கொண்டு வெளியேறி மரியாடிபியைத் தொடங்கினார். முதல் மென்பொருளுக்கு மூத்த மகள் மையின் பெயர், இரண்டாவதற்கு இளைய மகள் மரியாவின் பெயர். மைஎஸ்கியூஎல்லின் காலக்கணக்கு இப்போது தெளிவாக இருக்கிறது: 2024 ஏப்ரலில் வந்த 8.4 எட்டு ஆண்டுகள் பராமரிக்கப்படும் நீண்டகாலப் பதிப்பு. புதுமைகள் தனி வரிசையில் காலாண்டுதோறும் வரும். அலுவலகம் ஒன்றுக்கு இது நல்ல செய்தி. ஆனால் எந்த வசதி யாருக்கு என்பதை ஆரக்கிள் தீர்மானிக்கிறது. 2024 ஜூலையில் 9.0 பதிப்பு 'வெக்டர்' என்ற தரவு வகையைக் கொண்டுவந்தது; இரண்டு நிறமாலைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்க வானியலிலும் அது உதவும். இரண்டு வெக்டர்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் செயல்பாட்டை மட்டும் இலவசப் பதிப்பில் தராமல், தன் கட்டணச் சேவைகளுக்கு ஒதுக்கிவைத்தது. பெட்டியைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்ட இந்த முடிவை நான் ஏற்கவில்லை. மரியாடிபியின் 11.8 பதிப்பில் அந்தத் தேடல் முழுதாக இலவச மென்பொருளிலேயே இருக்கிறது.

மரியாடிபி நிறுவனமும் அமைதியாக இருக்கவில்லை. 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்குப் போனது, நெருக்கடியில் சிக்கியது, 2024-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. இத்தனைக்கும் நடுவில் மென்பொருள் வெளியீடுகள் நிற்கவில்லை. நிறுவனத்திலிருந்து வேறான ஓர் அறக்கட்டளை இருந்ததும், உரிமம் யாராலும் திரும்பப் பெற முடியாத பொது உரிமமாக இருந்ததும் அதற்குக் காரணங்கள். உரிமம் ஒருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மோங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018-இலும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சிலும் காட்டின. இரண்டும் திறமூலம் அல்லாத உரிமத்துக்கு மாறின. ரெடிஸைக் கிளை பிரித்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'வால்கீ' சில நாட்களிலேயே எழுந்தது. 2025 மேயில் ரெடிஸ் திறமூல உரிமம் ஒன்றையும் மறுபடி சேர்த்துக்கொண்டது.

எஸ்கியூலைட் இந்தச் சண்டைகள் எதிலும் இல்லை. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மென்பொருளுக்காக வேலை செய்தபோது, தனியே ஒரு சேவையகம் ஓடத் தேவையில்லாத தரவுத்தளம் வேண்டும் என்று எழுதியது. இன்று நம் ஒவ்வொருவரின் கைபேசியிலும் பல பிரதிகள் இருக்கின்றன. அதற்கு உரிமமே இல்லை, பொதுச்சொத்து. வெளியாட்களின் நிரலை வழக்கமாக ஏற்பதும் இல்லை. மிகச் சிறிய குழு, மூல நிரலைப்போல் பல நூறு மடங்கு சோதனை நிரல். 2004-இல் வகுத்த கோப்பு வடிவத்தை மாற்றுவதில்லை, 2050 வரை ஆதரிப்போம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுத் தொகுப்புகளை நீண்ட காலம் சேமிக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதையும் சேர்த்திருக்கிறது. வானியலுக்கு இந்த மனநிலை புதிதல்ல. 1981-இல் வகுத்த 'ஃபிட்ஸ்' கோப்பு வடிவத்துக்கு, ஒரு முறை செல்லுபடியான கோப்பைப் பின்னால் வரும் எந்தத் திருத்தமும் செல்லாததாக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. வத்திக்கான் நூலகம் தன் பழஞ்சுவடிகளை மின்வடிவாக்க வானியலாளர்களின் அந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தது.

ஒரு மலை ஆய்வகத்தின் பதிவேட்டை நானே அமைப்பதாக இருந்தால் போஸ்ட்கிரெஸில் வைப்பேன். திசைத் தேடலும் நேர ஒதுக்கீட்டு விதியும் அதில் வலுவாக இருக்கின்றன. வரலாற்றை வைத்துக்கொள்ளும் வேலையில் மரியாடிபியே மேல். அதைப் போஸ்ட்கிரெஸில் தூண்டல் நிரலாக எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஒரு பயன் உண்டு: வரலாறு சாதாரண அட்டவணையாக இருப்பதால் எந்தக் காப்புக் கருவியும் அதை விட்டுவிடாது. ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பதிவேட்டையும் எஸ்கியூலைட் கோப்பாகவும் வெறும் உரையாகவும் எழுதி, படங்களின் ஃபிட்ஸ் கோப்புகளுக்குப் பக்கத்தில் வைப்பேன். இன்று 18-ஆம் பதிப்பில் தொடங்கினால் அதன் பராமரிப்பு 2030 நவம்பரில் முடியும். அதற்கு முன் ஒரு மழைக்காலம் வேண்டும்: மழை வந்து தொலைநோக்கியை மூடும் மாதங்களில், புதிய பதிப்புக்கு மாறி, பழைய கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் புதியதில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க. அதைச் செய்ய வேண்டியவரின் பதவியையும் மாதத்தையும் பதிவேட்டின் முதல் அட்டவணையிலேயே எழுதிவிடுவேன்.